உழைப்புச் சந்தை எப்படி இயங்குகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொழிலாளர் பொருளியலைப் புதிதாகப் படிக்க வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பொருளியல் பின்னணி எதுவும் தேவையில்லை. கூட்டல், பெருக்கல் போதும். ஓரிரு இடங்களில் கணக்குப் போட்டிருக்கிறேன்; அவசரப்படாமல் கூடவே போட்டுப் பாருங்கள். வெறும் கருத்தாகப் படித்தால் பிடிபடாத விஷயங்கள் அங்கேதான் பிடிபடும்.

தொழிலாளர் பொருளியல் எதைப் பற்றியது?

யார் வேலைக்குப் போகிறார்கள், எவ்வளவு நேரம் உழைக்கிறார்கள், என்ன சம்பளம் வாங்குகிறார்கள், யாருக்கு வேலை கிடைப்பதில்லை, ஏன் என்பதைப் பற்றியது. ஒரு பக்கம் உழைப்பைத் தரும் மனிதர்கள், இன்னொரு பக்கம் அதை வாங்கும் நிறுவனங்கள். இந்த இரண்டு தரப்பும் சந்திக்கும் இடத்துக்கு உழைப்புச் சந்தை என்று பெயர். அதற்கென்று ஒரு கட்டடம் கிடையாது. வேலை விளம்பரம், நேர்காணல், தெரிந்தவர் சிபாரிசு, ஒப்பந்தக்காரர் எல்லாம் சேர்ந்ததுதான் அந்தச் சந்தை.

உழைப்பை மற்ற சரக்குகளைப் போலவே பார்க்கலாமா?

ஓரளவுக்குப் பார்க்கலாம். விலை கூடினால் வாங்குபவர் யோசிப்பார், விற்பவர் ஆர்வமாவார் என்பது இங்கேயும் உண்டு. ஆனால் அதோடு நின்றுவிட்டால் பாதிதான் புரியும்.

ஆங்கிலேயப் பொருளியலாளர் ஆல்ஃபிரெட் மார்ஷல் 1890இல் இதை ஒரு செங்கல்லை வைத்து விளக்கினார். செங்கல் விற்பவருக்கு அந்தக் கல் அரண்மனைக்குப் போகிறதா, சாக்கடை கட்டப் போகிறதா என்று கவலையில்லை. பணம் கைக்கு வந்தால் சரி. உழைப்பை விற்பவரால் அப்படி இருக்க முடியாது. சரக்கோடு அவரும் கூடவே போக வேண்டும். வேலை நடக்கும் இடத்தின் வெப்பம், புழுதி, மேலதிகாரியின் பேச்சு, போய்வரும் தூரம் எல்லாவற்றையும் அவர் உடம்பும் மனசும்தான் தாங்குகின்றன.

இன்னொன்று, உழைப்பைச் சேமித்து வைக்க முடியாது. விற்காத செங்கல்லை நாளைக்கு விற்கலாம். வேலையில்லாமல் கழிந்த ஒரு நாளை யாரும் திருப்பி விற்க முடியாது. கையில் காசில்லாத ஒருவர் பேரத்தில் சீக்கிரம் இறங்கி வருவதற்கு இதுவே பெரிய காரணம். 1944இல் ஃபிலடெல்ஃபியாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, ‘உழைப்பு ஒரு சரக்கல்ல’ என்பதைத் தன் பிரகடனத்தின் முதல் கொள்கையாக வைத்தது. அறச்சொல்லாக மட்டும் அதைப் படிக்க வேண்டியதில்லை. இந்தச் சந்தை நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றிய துல்லியமான கூற்றும்கூட அது.

எத்தனை பேரை வேலைக்கு வைப்பது என்று முதலாளி எப்படி முடிவு செய்கிறார்?

ஒரு தையல் கூடத்தை எடுத்துக்கொள்வோம். நான்கு மெஷின், நான்கு தையல்காரர்கள். ஒரு நாளைக்கு 40 சட்டை தைக்கிறார்கள். ஐந்தாவதாக ஒருவர் வருகிறார். அவருக்கு மெஷின் இல்லை. காஜா எடுப்பது, பொத்தான் வைப்பது என்று கை வேலைகளைப் பார்க்கிறார். மற்ற நால்வரும் மெஷினை விட்டு எழுந்திருக்க வேண்டியதில்லை என்பதால் மொத்தம் 47 சட்டை ஆகிறது. ஆறாவது ஆள் வந்தால் 51. ஏழாவது ஆள் வந்தால் 52தான், ஏனென்றால் அதற்குள் செய்வதற்கான துண்டு வேலைகள் தீர்ந்துவிடுகின்றன.

துணி, நூல், மின்சாரம் போக ஒரு சட்டைக்குக் கூடத்தின் கையில் 100 நிற்கிறது என்று வையுங்கள். ஐந்தாவது ஆள் கூடுதலாக 7 சட்டை, அதாவது 700 கொண்டுவருகிறார். ஆறாவது ஆள் 400. ஏழாவது ஆள் 100. நாள் கூலி 500 என்றால் ஐந்து பேரோடு நிறுத்திவிடுவார்கள். கூலி 350 என்றால் ஆறாவது ஆளுக்கும் இடம் உண்டு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ஆறாவது ஆள் சோம்பேறி கிடையாது. ஐந்தாவது ஆளைப் போலவே கைத்திறன் உள்ளவர். மெஷின் நான்கே இருப்பதால்தான் அவரால் கூடுதலாகத் தர முடிவது குறைகிறது. கடைசியாகச் சேரும் ஆளால் கூடும் உற்பத்தியை இறுதிநிலை உற்பத்தி என்பார்கள். ஒருவரின் சம்பளம் அவருடைய தகுதியைப் பொறுத்தது என்று சொல்லும்போது, அவர் கைக்கு எட்டும் கருவியையும் உடன் வேலை செய்பவர்களையும் நாம் மறந்துவிடுகிறோம்.

இப்போது சட்டைக்குக் கிராக்கி கூடி, ஒரு சட்டைக்கு 150 நிற்கிறது என்றால்? ஆறாவது ஆள் 600 கொண்டுவருவார். 500 கூலியிலேயே அவரை எடுப்பார்கள். உழைப்புக்கான தேவை பொருளுக்கான தேவையின் நிழல். பொருள் விற்காமல் போனால் எவ்வளவு நல்ல தையல்காரராக இருந்தாலும் வேலை போகிறது. அவர் செய்த தப்பு அதில் ஒன்றுமில்லை.

அப்படியானால், எல்லோரும் தாங்கள் ஈட்டித் தரும் அளவுக்குச் சம்பளம் வாங்குகிறார்களா?

நூற்றுக்கணக்கான முதலாளிகள் ஒரே ஆளுக்காகப் போட்டி போட்டால் சம்பளம் அந்த அளவை நெருங்கும். நிஜத்தில் அப்படிப் போட்டி இருக்கும் இடங்கள் குறைவு. சுற்றுவட்டாரத்தில் ஒரே பெரிய ஆலை இருக்கலாம். இரண்டாவது வேலை இருந்தாலும் தூரம் அதிகமாக இருக்கலாம். வேறு எங்கே என்ன சம்பளம் தருகிறார்கள் என்றே தெரியாமல் இருக்கலாம். பொருளை விற்பவர் ஒருவரே இருந்தால் ஏகபோகம் என்கிறோம். வாங்குபவர் ஒருவரே இருக்கும் நிலைக்கு ‘மோனாப்சனி’ என்ற சொல்லை 1933இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஜோன் ராபின்சன்.

இதையும் கணக்காகவே பார்ப்போம். ஓர் ஆலையில் 10 பேர், ஆளுக்கு 500 கூலி. பதினோராவது ஆள் 550 கொடுத்தால்தான் வருவேன் என்கிறார். அவர் கொண்டுவரும் வருமானம் 900. எடுத்தால் 350 லாபம்தானே? இல்லை. புதியவருக்கு 550 கொடுத்துவிட்டுப் பழைய பத்துப் பேரை 500இல் வைத்திருக்க முடியாது. அவர்களுக்கும் 50 ஏற்ற வேண்டும், அது 500. ஆக பதினோராவது ஆளின் உண்மையான செலவு 1,050. அவரை எடுக்க மாட்டார்கள்.

விளைவைப் பாருங்கள். 900 ஈட்டித் தரக்கூடிய ஒருவர் 550க்கு வரத் தயாராக வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே இருக்கும் பத்துப் பேரும் குறைந்த கூலி வாங்குகிறார்கள். யாரும் சட்டத்தை மீறவில்லை, யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. போட்டி இல்லாத சந்தையின் கணக்கே இப்படித்தான் வருகிறது.

குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்தினால் வேலைகள் குறையுமா?

எந்தச் சந்தை, எவ்வளவு உயர்வு என்பதைப் பொறுத்தது. தையல் கூடத்தில் கூலி 350ஆக இருக்கும்போது 500க்குக் குறையக் கூடாது என்று சட்டம் போட்டால் ஆறாவது ஆள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆனால் அந்த ஆலையில் 550 என்று சட்டம் போட்டால் கதை தலைகீழ். பத்துப் பேருக்கும் எப்படியும் 550 கொடுத்தாக வேண்டும் என்பதால், பதினோராவது ஆளின் கூடுதல் செலவு வெறும் 550. அவர் கொண்டுவருவது 900. உடனே எடுத்துக்கொள்வார்கள். கூலியும் கூடுகிறது, வேலையும் கூடுகிறது. சட்டம் 900ஐத் தாண்டிப் போனால் மட்டுமே ஆள் குறைப்பு தொடங்கும்.

அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலம் 1992 ஏப்ரலில் மணிக்கு 4.25 டாலராக இருந்த குறைந்தபட்ச ஊதியத்தை 5.05 டாலராக்கியது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் மாற்றமில்லை. டேவிட் கார்ட், ஆலன் க்ரூகர் என்ற இரு பொருளியலாளர்கள் எல்லையின் இரு பக்கமும் இருந்த 410 துரித உணவகங்களில், உயர்வுக்கு முன்பும் பின்பும் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று விசாரித்தார்கள். நியூ ஜெர்சியில் வேலைகள் குறைந்ததற்கான அடையாளம் கிடைக்கவில்லை. 1994இல் வெளியான இந்த முடிவைப் பலர் கடுமையாக எதிர்த்தார்கள். வேறு சம்பளப் பதிவேடுகளை வைத்து மாற்றுக் கணக்கும் போட்டார்கள். சண்டை இன்னும் முழுதாக ஓயவில்லை. ஆனால் ‘ஊதியத்தை ஏற்றினால் வேலை போயே தீரும்’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் பழக்கம் அதோடு முடிந்தது. கார்டுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தபோது க்ரூகர் உயிரோடு இல்லை.

என் கருத்து: ஒரே எண்ணை எல்லா இடத்துக்கும் பரிந்துரைப்பவரை நம்ப வேண்டாம். அந்தப் பகுதியின் வழக்கமான கூலி என்ன என்று முதலில் கேட்பவரை நம்பலாம்.

சம்பளம் கூடினால் ஆட்கள் அதிக நேரம் வேலை செய்வார்களா?

இரண்டு இழுப்புகள் இருக்கின்றன. மணிக்கூலி ஏறினால் சும்மா இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அதிக இழப்பாகிறது. அதனால் ஓவர்டைம் பார்க்கத் தோன்றும். அதே சமயம், பழைய வருமானம் குறைந்த நேரத்திலேயே கிடைத்துவிடுகிறது. அதனால் சீக்கிரம் வீட்டுக்குப் போகவும் தோன்றும். எந்த இழுப்பு ஜெயிக்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். வேலைக்கே போகாமல் இருப்பவருக்குப் பொதுவாக முதல் இழுப்புதான் பலம்.

வேலையின்மை விகிதத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

வேலை இல்லாத எல்லோரையும் சேர்ப்பதில்லை. சர்வதேச வரையறைப்படி மூன்றும் பொருந்த வேண்டும்: வேலை இல்லை, வேலை தேடுகிறார், கிடைத்தால் உடனே சேரத் தயார். கணக்கெடுக்கும் வாரத்தில் ஒரு மணி நேரம் கூலிக்கு வேலை செய்திருந்தாலும் அவர் வேலையில் இருப்பவர்.

வேலை செய்யும் வயதில் 100 பேர். 57 பேர் வேலையில், 3 பேர் தேடுகிறார்கள், 40 பேர் இரண்டிலும் இல்லை. விகிதம் என்பது 60இல் 3, அதாவது 5 சதவீதம். இப்போது தேடித் தேடி அலுத்துப்போன ஒருவர் தேடுவதையே விட்டுவிடுகிறார். 59இல் 2 பேர், 3.4 சதவீதம். ஒருவருக்கும் புதிதாக வேலை கிடைக்கவில்லை, ஆனால் எண் அழகாகிவிட்டது. அதனால்தான் இந்த எண்ணைத் தனியாகப் படிக்கக் கூடாது. 100 பேரில் எத்தனை பேர் வேலையிலோ தேடலிலோ இருக்கிறார்கள் என்ற பங்கேற்பு விகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இந்த உதாரணத்தில் அது 60இலிருந்து 59ஆக இறங்கியிருக்கிறது.

அந்த 40 பேரில் பலர் வீட்டில் சமைத்து, குழந்தையையும் வயதானவர்களையும் பார்த்துக்கொள்பவர்கள். காலையிலிருந்து இரவு வரை உழைக்கிறார்கள். கூலி இல்லை என்பதால் இந்தக் கணக்கில் அவர்கள் தொழிலாளர்களாக வருவதில்லை. இது வரையறையின் குறை, அவர்களுடைய குறை கிடையாது.

காலியிடங்களும் இருக்கின்றன, வேலை தேடுவோரும் இருக்கிறார்கள். ஏன் இரண்டும் சேர்வதில்லை?

தேடுவதற்கே நேரம் ஆகிறது. காலியிடம் ஓர் ஊரில், ஆள் இன்னோர் ஊரில். கேட்கும் திறமை ஒன்று, இருக்கும் திறமை வேறு. முதலில் வந்த வாய்ப்பையே எடுத்துக்கொள்வதா, இன்னும் நல்லது வருமா என்று காத்திருப்பதா என்ற குழப்பம் வேறு. நிறுவனமும் அதே மாதிரிதான் காத்திருக்கிறது. இந்தத் தேடலைக் கணித வடிவில் கொண்டுவந்த பீட்டர் டயமண்ட், டேல் மார்ட்டென்சன், கிறிஸ்டோபர் பிஸரைடிஸ் மூவருக்கும் 2010இல் நோபல் பரிசு கிடைத்தது. நல்ல காலத்திலும் கொஞ்சம் வேலையின்மை இருக்கத்தான் செய்யும் என்பது அவர்களுடைய ஆய்விலிருந்து தெளிவாகும் விஷயம். மந்தநிலையில் வரும் வேலையின்மை வேறு ரகம். அங்கே காலியிடங்களே வெகுவாகக் குறைந்துவிடும்.

வெளியே பத்துப் பேர் குறைந்த கூலிக்குக் காத்திருக்கும்போது, உள்ளே இருப்பவர் சம்பளத்தை ஏன் குறைப்பதில்லை?

செங்கல்லுக்குக் குறைந்த விலை கொடுத்தாலும் செங்கல்லின் பலம் குறையாது. மனிதருக்குச் சம்பளத்தைக் குறைத்தால் அவர் வேலை செய்யும் விதம் மாறும். மனசு விட்டுப்போகும், நல்ல ஆட்கள் முதலில் கிளம்புவார்கள், மிச்சமிருப்பவர்கள் ஏனோதானோ என்று செய்வார்கள். அதனால் பல நிறுவனங்கள் சம்பளத்தைத் தொடாமல் ஆட்களைக் குறைக்கின்றன. வெளியே போனவரின் கோபம் பட்டறைக்குள் இருக்காது. சம்பளம் குறைக்கப்பட்டவரின் கோபம் தினமும் உள்ளேயே இருக்கும்.

இதன் மறுபக்கமாகச் சந்தை விலையைவிட அதிகம் கொடுப்பதும் உண்டு. ஃபோர்டு கார் தொழிற்சாலையில் 1913இல் ஏறக்குறைய 14,000 பேரை வேலையில் வைத்திருக்க, அந்த ஓராண்டில் 50,000 பேருக்கு மேல் எடுக்க வேண்டியிருந்தது. நகரும் பட்டையின் முன்னால் ஒரே அசைவை நாள் முழுக்கச் செய்வதைத் தாங்காமல் ஆட்கள் ஓடினார்கள். 1914 ஜனவரியில் ஹென்றி ஃபோர்டு, இரண்டரை டாலருக்கும் குறைவாக இருந்த நாள் வருமானத்தை 5 டாலராக உயர்த்துவதாக அறிவித்தார். வேலை நேரமும் ஒன்பதிலிருந்து எட்டு மணியானது. வாசலில் கூட்டம் மோதியது, விட்டுப்போகிறவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். எல்லோருக்கும் அந்த 5 டாலர் சும்மா கிடைத்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தொழிலாளியின் வீட்டு வாழ்க்கை ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க நிறுவனம் ஆட்களை அனுப்பியது. சரக்கோடு விற்பவரும் போகிறார் என்றேனே, இங்கே அவருடைய வீடும் சேர்ந்து போனது.

படித்தவர்களுக்கு ஏன் அதிக சம்பளம்?

இரண்டு விளக்கங்கள் உண்டு. படிப்பும் பயிற்சியும் மெஷின் வாங்குவதைப் போன்ற முதலீடு, அது ஆளின் திறனைக் கூட்டுகிறது என்றார் கேரி பெக்கர். இதற்கு மனித மூலதனம் என்று பெயர். மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் வேறு கோணத்தைக் காட்டினார். விண்ணப்பிக்கும் ஆளின் உண்மையான திறன் முதலாளிக்குத் தெரியாது. கஷ்டமான படிப்பை முடித்தவர் என்பது ஓர் அடையாளமாக மட்டுமே பயன்படலாம், படித்த பாடம் வேலைக்கு உதவாவிட்டாலும். என் பார்வையில் இரண்டும் கலந்தே நடக்கிறது. பட்டம் தேவைப்படாத வேலைக்கும் பட்டம் கேட்கும் விளம்பரங்களைப் பார்க்கும்போது ஸ்பென்ஸ் சொன்னதற்கு நாம் இன்னும் காது கொடுக்க வேண்டும் என்றே தோன்றுகிறது.

ஆபத்தான, அழுக்கான வேலைக்கு அதிகக் கூலி கிடைக்க வேண்டாமா?

ஆடம் ஸ்மித் 1776இலேயே அப்படித்தான் எழுதினார். வேலை எவ்வளவு வெறுக்கத்தக்கதோ அவ்வளவு கூலி கூட வேண்டும், இல்லாவிட்டால் யார் வருவார்கள்? ஒரே தகுதி உள்ள இருவரை ஒப்பிட்டால் இது பல இடங்களில் உண்மை. இரவு ஷிப்டுக்குத் தனிப்படி தருவது இதனால்தான்.

ஆனால் ஸ்மித்தின் வாதம் நிற்பதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: அந்த ஆளுக்கு வேறு வேலைக்குப் போகும் வழி இருக்க வேண்டும். பிறப்பாலோ வறுமையாலோ அடையாளத்தாலோ மற்ற கதவுகள் மூடப்பட்டவருக்கு, மோசமான வேலையை மறுக்கும் சக்தியே கிடையாது. மறுக்க முடியாதவருக்குக் கூடுதல் கூலி கொடுக்க வேண்டிய அவசியம் சந்தைக்கு இல்லை. அதனால் உலகின் மிகக் கடினமான வேலைகள் பலவற்றுக்கு மிகக் குறைந்த கூலி. இதைச் சந்தையின் இயல்பு என்று சொல்லி நகர்ந்துவிடக் கூடாது. கதவுகளை மூடியது யார் என்று கேட்க வேண்டும்.

பாகுபாட்டை எப்படி அளக்க முடியும்?

கடினம்தான், ஏனென்றால் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. 2004இல் வெளியான ஓர் ஆய்வுக்காக பாஸ்டன், சிகாகோ நகரங்களில் ஏறத்தாழ 5,000 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தகுதிகள் ஒரே மாதிரி. பெயர் மட்டும் வேறு. வெள்ளையர் பெயர் போலத் தோன்றியவற்றுக்கு, கறுப்பினத்தவர் பெயர் போலத் தோன்றியவற்றைவிட 50 சதவீதம் அதிகமாகப் பதில் வந்தது. நேர்காணல் வரைக்கும்கூடப் போகாமல், ஒரு பெயரிலேயே முடிந்துபோகிற விஷயம் இது.

ஆண் பெண் சம்பள இடைவெளி இன்னும் சிக்கலானது. பணக்கார நாடுகளில் இடைவெளியின் பெரும்பகுதி இன்று ஒரே வேலை செய்யும் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் இருக்கிறது, முதல் குழந்தை பிறந்தபின் விரிகிறது என்று காட்டியவர் க்ளாடியா கோல்டின். 2023இல் நோபல் பெற்றார். இரவு பத்து மணிக்கும் போனை எடுக்கிறவருக்கே பல வேலைகள் அதிகம் கொடுக்கின்றன. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டில் இருப்பவரால் அது முடியாது.

இயந்திரங்களும் வெளியிலிருந்து வருபவர்களும் வேலையைப் பறிப்பதில்லையா?

உலகத்தில் உள்ள வேலை ஒரு குறிப்பிட்ட அளவு, ஒருவர் எடுத்தால் இன்னொருவருக்குக் குறையும் என்பது இந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் எண்ணம். அது தவறு. வந்தவரும் வீடு தேடுகிறார், துணி வாங்குகிறார், பேருந்தில் போகிறார். அவரால் புதிய வேலைகளும் பிறக்கின்றன. 1980இல் சில மாதங்களுக்குள் சுமார் 1,25,000 கியூபர்கள் கடல் வழியாக ஃப்ளோரிடா வந்தார்கள். மயாமி நகரத்தின் தொழிலாளர் எண்ணிக்கை ஏறக்குறைய 7 சதவீதம் கூடியது. அங்கே ஏற்கெனவே இருந்தவர்களின் கூலியில் பெரிய பாதிப்பு இல்லை என்று டேவிட் கார்ட் 1990இல் எழுதினார். பள்ளிப்படிப்பை முடிக்காதவர்களை மட்டும் தனியாகப் பார்த்தால் கூலி குறைந்தது என்று ஜார்ஜ் போர்ஹாஸ் பின்னர் மறுத்தார். எந்தக் குழுவைப் பார்க்கிறோம் என்பதில்தான் வாதம் நிற்கிறது.

இயந்திரத்துக்கும் இதே போலத்தான். மொத்தத்தில் வேலை அழிந்துபோகவில்லை. ஆனால் 1811இல் இங்கிலாந்தில் நெசவு, பின்னல் இயந்திரங்களை உடைத்த கைத்தொழிலாளர்களிடம் போய் ‘மொத்தத்தில்’ என்று சொன்னால் அதற்கு அர்த்தமில்லை. பழைய தொழிலை இழந்த ஐம்பது வயதுக்காரரும் புதிய தொழிலில் சேரும் இருபது வயதுக்காரரும் ஒரே ஆள் கிடையாது. சராசரியைப் பார்க்கும்போது இது கண்ணில் படாது.

தொழிற்சங்கம் சந்தையைக் கெடுக்கிறதா?

போட்டி நிறைந்த சந்தையில், அளவுக்கு மீறிய கூலியைப் பிடித்துவைத்தால் வெளியே இருப்பவருக்கு வாய்ப்பு குறையலாம். வாங்குபவர் ஒருவரே என்ற இடத்தில், அந்த 550 சட்டம் செய்ததைச் சங்கமும் செய்யும். ஓர் ஆள் தனியாகச் சொன்னால் ‘வெளியே போ’ என்று முடியும் புகார், பத்துப் பேர் சேர்ந்து சொன்னால் சரிசெய்யப்படும் என்பதும் சங்கத்தின் பயன்தான். உற்பத்திக்கும் அது நல்லது.

வேலைக்குப் பேரம் பேசப் போகும் ஒருவருக்கு இதெல்லாம் எப்படி உதவும்?

மூன்று எண்களைத் தெரிந்துகொண்டு போகலாம். இதே வேலைக்கு மற்ற இடங்களில் என்ன தருகிறார்கள் என்பது ஒன்று; உடன் வேலை செய்பவர்கள் சம்பளத்தைத் தங்களுக்குள் பேசிக்கொள்ளாத வரை இது முதலாளிக்கு மட்டுமே தெரிந்த எண்ணாக இருக்கும். இன்னொன்று, நீங்கள் போய்விட்டால் வேறொருவரைத் தேடிப் பழக்கி எடுக்க அவர்களுக்கு எத்தனை மாதம் ஆகும் என்பது. கடைசியானது உங்கள் சொந்தக் கணக்கு: எவ்வளவுக்குக் கீழே போனால் வேண்டாம் என்று எழுந்து வர முடியும்? அந்த எண்ணைப் பெரும்பாலும் தீர்மானிப்பது திறமை கிடையாது, எத்தனை மாத வீட்டுச் செலவுக்குக் கையில் பணம் இருக்கிறது என்பதுதான். வேலையிழந்தோர் உதவித்தொகை இருக்கும் நாடுகளில் அந்த மாதங்களில் சிலவற்றை அரசு ஏற்றுக்கொள்கிறது.